32×32 பால்வெட்டுக்காரர் ஸ்பிரைட்: எங்கெங்கே திருத்தணும்?

களியல்_புள்ளி

எல்லாருக்கும் வணக்கம். விடியுமுன்னே ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போற ஒருத்தரை வச்சு சின்னதா ஒரு சைடு ஸ்க்ரோல் (பக்கவாட்டில நகருற) கேம் செய்றேன். களம் கடையாலுமூட்டிலிருந்து வெள்ளறடை போற வழியில உள்ள தோட்டங்கள். திரை 320×180. அதை 6 மடங்கு பெருக்கினா 1920×1080 சரியா வரும்.

ஸ்பிரைட் (கேம்ல வர்ற ஆளோட சின்னப் படம்) விவரம்: கேன்வாஸ் 32×32, ஆள் உயரம் 28 பிக்சல், அதில தலை மட்டும் 9. மொத்தம் 19 நிறம். சுத்தி முழுக்கக் கறுப்பு அவுட்லைன். நெற்றியில ஹெட்லைட், வலது கையில கத்தி, இடது கையில பால் வாளி, தோளில தோர்த்து (துண்டு), மடிச்சுக் கட்டின கட்டம் போட்ட சாரம் (லுங்கி), மீசை. செய்றது அஸ்ப்ரைட்ங்கிற பிக்சல் படம் வரையிற மென்பொருள்ல.

படத்தை 8 மடங்கு பெருக்கி மேலேயும், அசல் அளவில கீழேயும் போட்டிருக்கேன், கூடவே மரத்து டைலும் (பின்னணியில திரும்பத் திரும்ப வைக்கிற மரப் படம்) இருக்கு. பெருக்கிப் பார்த்தா எல்லாம் இருக்கு. அசல் அளவில மூணு குறை தெரியுது: ஆள் ஒரு கட்டியா தெரியிறார், முகம் அழுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கு, மரத்துக்கு முன்னால நிறுத்தினா காணாமப் போறார். நிறத்தைக் கூட்டியும் குறைச்சும் சரியாகலை. காரணம் எங்க இருக்குன்னு விரிவா சொன்னா நல்லது.

---

புள்ளிக்கோலம் (பாறசாலை)

தம்பி, நல்லா வந்திருக்கிறதை முதல்ல சொல்லிடறேன், அதைத் தொடாதீங்க. 28க்கு 9ங்கிற தலை அளவு சரி. ஆள் மூணு தலை உயரம் வர்றதால முகமும் தெரியும், கைவேலைக்கும் இடம் இருக்கும். முழங்கால் லேசா மடங்கி, உடம்பு முன்னால சாய்ஞ்சு நிக்கிற நிலையும் வேலை செய்றவரோட நிலைதான்.

இனி நிறத்தை மறந்துட்டு உருவக்கோட்டைப் பாருங்க. லேயரை நகல் எடுத்து ஆளை முழுக்க ஒரே நிறத்தால நிரப்பி 100 சதவீதத்தில வைங்க. உங்க படத்தில வாளி சாரத்தோட ஒட்டிக் கிடக்கு. கத்தி நெஞ்சுக்குள்ளேயே அடங்கிடுது. தோர்த்து கழுத்தை மூடிட்டதால தலையும் தோளும் ஒண்ணாயிடுச்சு. மிஞ்சினது ஒரு பெட்டியும் அது மேல ஒரு உருண்டையும்தான். நீங்க சொன்ன ‘கட்டி’ இதுதான். எந்த நிறம் மாத்தினாலும் இது போகாது.

திருத்த வேண்டியது: வலது முழங்கையை முன்னால கொண்டு வந்து கைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல 2 பிக்சல் வெற்றிடம் விடுங்க. 1 பிக்சல் விட்டா ரெண்டு பக்க அவுட்லைனும் அதைத் தின்னுடும். கத்தி முழுக்க உடம்புக்கு வெளியே வரட்டும், நீளம் 5 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். உண்மையான அளவுப்படி பார்த்தா அவ்வளவு வராதுதான், ஆனா இந்த அளவில தொழிலைச் சொல்ற கருவியைப் பெருசாக்கியே ஆகணும். தோர்த்தை எடுத்துடுங்க. சாரத்தை இடுப்பில 11 பிக்சல் அகலம் வச்சு முட்டிக்கிட்ட நேர்கோட்டில நிறுத்துங்க. அதுக்குக் கீழ ரெண்டு காலும் தலா 2 பிக்சல், நடுவுல 3 பிக்சல் இடைவெளி. மடிச்சுக் கட்டினது தெரியிறது அந்த இடைவெளியாலதான். கட்டம் போட்ட துணி இந்த அளவில வெறும் இரைச்சல். சாரத்தின் கீழோரத்தில ஒரு கரைக்கோடு மட்டும் போதும்.

அடுத்தது வெளிச்சம். படத்தோட பெரிய பிழை இங்கதான் இருக்கு. ஒவ்வொரு உறுப்பும் நடுவில வெளுத்து ஓரத்தில கறுத்து இருக்கு. நெஞ்சில மூணு நிறப் பட்டை அவுட்லைனுக்கு இணையா வளைஞ்சு வருது. முதல்ல சொன்னது பில்லோ ஷேடிங், ரெண்டாவது பேண்டிங், ரெண்டும் சேர்ந்திருக்கு. அதனால சட்டை ஊதின பலூன் மாதிரி தெரியுது. விளக்கு எங்க இருக்குன்னு தீர்மானிக்காம நிழல் போட்டா இப்படித்தான் வரும்.

உங்க கேம்ல விளக்கு இருக்கிற இடம் தெளிவா தெரியும், நெற்றியில. அப்போ யோசிச்சுப் பாருங்க: ஹெட்லைட் வெளிச்சம் முன்னால போகும், போட்டிருக்கிறவர் முகத்தில விழாது. நீங்க முகத்தையே ரொம்ப வெளிச்சமா வரைஞ்சிருக்கீங்க. உண்மையில வெளிச்சம் விழுற இடங்கள் மூணு: முன்னங்கையின் மேல்பக்கம், கத்தி, எதிரே இருக்கிற மரப்பட்டை. பட்டையில பட்டுத் திரும்புற வெளிச்சம் தாடைக்கு அடியிலும் நெஞ்சின் முன்பக்கத்திலும் மெல்லிசா ஒரு படி கூடுதலா தெரியும். முதுகுப் பக்கம் விடியாத வானத்தோட நீலம், அதுவும் ஒரே ஒரு படி. இந்த மூணையும் வச்சு முழு நிழலையும் அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. இருக்கிறதை ஒட்டுப்போட்டா பழைய நிறப் பட்டைகள் திரும்பத் தலை காட்டும்.

---

எட்டுபிட்_வேலை (மார்த்தாண்டம்)

அக்கா சொன்ன வரிசையிலேயே போங்க. உருவம், வெளிச்சம் ரெண்டும் முடியுற வரைக்கும் நிறத்துக்கு வராதீங்க. வர்றப்போ என்ன செய்யணும்னு எழுதறேன்.

முகம் அழுக்கா தெரியக் காரணம் தனிப்புள்ளிகள். உங்க முகத்துக்குக் கிடைச்ச இடம் சுமார் 6×5, அதாவது 30 பிக்சல். அதுக்குள்ள 5 தோல் நிறம், கண் வெள்ளை, கருமணி, மூக்கு நிழல், உதடு எல்லாம் இருக்கு. பக்கத்தில தன் நிறத்தில ஒரு பிக்சல்கூட இல்லாம தனியா நிக்கிற புள்ளி மட்டும் 9 எண்ணினேன். அசல் அளவில கண் அதை உறுப்பா எடுத்துக்காது, அழுக்காத்தான் எடுத்துக்கும். முகத்துக்கு ரெண்டு தோல் நிறம் போதும். கண்ணுக்கு ஒரு கறுத்த பிக்சல், வெள்ளை வேண்டாம். மீசைக்குக் கிடைமட்டமா 3 பிக்சல். மீசை போட்டாச்சுன்னா வாய் தேவையில்லை. மூக்கு உருவக்கோட்டில 1 பிக்சல் வெளியே தள்ளினா போதும்.

கையில டிதரிங் (ரெண்டு நிறத்தைப் புள்ளி புள்ளியா மாத்தி மாத்திக் கலக்கிறது) போட்டிருக்கீங்க. 4 பிக்சல் அகலமான கையில டிதரிங் வளைவாகாது, சொறியாத்தான் தெரியும். பெரிய வானத்துக்கோ தரைக்கோ அதை வச்சுக்கோங்க.

19 நிறத்தில பாதி ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருக்கம். தோல் நிழலுக்குத் தோல் நிறத்திலேயே கறுப்பைக் கலந்திருக்கீங்க. அதனால ஹியூ (நிறத்தின் வகை) நகராம வேல்யூ (வெளிச்ச அளவு) மட்டும் இறங்கி மண்ணாங்கட்டி நிறமாயிடுது. இந்த நேர வெளிச்சத்துக்கு நிழல் ஊதாப் பக்கமா சாயணும். தொடக்கத்துக்கு இதைப் போட்டுப் பாருங்க, வரிசை ஹியூ, சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி), வேல்யூ:

அவுட்லைன்: 265, 45, 14
எல்லாத்துக்கும் பொது நிழல்: 280, 40, 22
தோல்: 350, 42, 36, பிறகு 18, 52, 52, பிறகு 30, 50, 74
சாரம்: 222, 48, 40, பிறகு 205, 38, 58
சட்டை: 95, 25, 34, பிறகு 75, 28, 54
கத்தி: 210, 12, 70
விளக்கு: 40, 60, 85, பிறகு 48, 35, 98
பால்: 55, 6, 97

மொத்தம் 13. தோல், சாரம், சட்டை மூணுக்கும் அடி நிழல் ஒரே நிறம்ங்கிறதைக் கவனிங்க. நிறத்தைக் குறைக்கிறதுக்காக மட்டும் இல்லை, எல்லாம் ஒரே இருட்டுக்குள்ள நிக்குதுங்கிற உணர்வு அதாலதான் வரும். தோலின் மூணாவது படியைக் கையில மட்டும் வைங்க, முகத்துக்குக் கொண்டு போகாதீங்க. 90க்கு மேல வேல்யூ உள்ள நிறம் விளக்குக்கும் பாலுக்கும் மட்டும்தான். கண்ணிலும் பல்லிலும் பட்டனிலும் வெள்ளை போட்டா, சிரட்டையில பால் விழுறப்போ அது யாருக்கும் தெரியாது. உங்க கேம்ல தெரிய வேண்டியதே அந்த வெள்ளைதான்.

ஒரு ஆட்சேபம் வரலாம்: இப்போ வர்ற எல்ஈடி ஹெட்லைட் குளிர்ந்த வெள்ளை, மஞ்சள் இல்லையேன்னு. உண்மைதான். ஆனா சுத்தி நீலமா இருக்கிற காட்சியில விளக்கும் நீல வெள்ளையா இருந்தா பிரிஞ்சு தெரியாது. இங்க மஞ்சளுக்கே என் ஓட்டு.

---

பேச்சிப்பாறை_ரப்பர்

படம் வரையிறது பத்தி மேல சொன்னவங்களுக்குத் தெரியும். தோட்ட விஷயம் நான் சொல்றேன்.

ஹெட்லைட்டும் பால் வாளியும் ஒரே நேரத்தில வராது மக்கா. வெட்டுறது இருட்டில. மரத்துக்குள்ள அழுத்தம் கூடுதலா இருக்கிற நேரம் அது, வெயில் ஏற ஏற அழுத்தம் குறைஞ்சு பால் ஓட்டமும் குறையும். வெட்டின பிறகு பால் ரெண்டு மூணு மணி நேரம் சொட்டும். அதுக்கப்புறம்தான் வாளியோட வந்து சிரட்டையிலிருந்து வழிச்சு எடுப்பாங்க. அப்போ நல்லா விடிஞ்சிருக்கும், விளக்கு வேண்டாம். வெட்டப் போறப்போ கையில இருக்கிறது கத்தி, இடுப்பில ஒட்டுப்பால் போட ஒரு பை. முந்தின வெட்டில காய்ஞ்சு நூலா ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உரிச்சு அதில போட்டுட்டுத்தான் புது வெட்டு போடுவாங்க.

அதனால உங்களுக்கு வேண்டியது ரெண்டு ஸ்பிரைட். ஒண்ணு இருட்டு: விளக்கு, கத்தி, இடுப்புப் பை. இன்னொண்ணு காலை: வாளி. விளையாட்டிலும் ரெண்டு கட்டமா பிரிச்சுக்கலாம்.

மரத்து டைலையும் பார்த்தேன். வெட்டு வலது மேலிருந்து இடது கீழ போயிருக்கு, தலைகீழ். மரத்தைப் பார்த்து நிக்கிறவருக்கு இடது மேலிருந்து வலது கீழதான் வெட்டு இறங்கும். பால் குழல்கள் பட்டைக்குள்ள நேர்செங்குத்தா இல்லாம மேல போகப் போக லேசா வலப்பக்கம் சாய்ஞ்சு போகும். இப்படி வெட்டினாத்தான் கூடுதல் குழல் அறுபடும். சரிவு ஒட்டுக் கட்டின மரத்துக்கு 30 டிகிரி, விதையில முளைச்சு வளர்ந்த மரத்துக்கு 25. மரத்தோட பாதிச் சுற்றுக்குத்தான் வெட்டு, முழுச் சுற்று கிடையாது. வெட்டு முடியுற வலது கோடியில கீழ்நோக்கி ஒரு சின்னச் சால், அதுக்கு அடியில தகர மூக்கு, அதுக்குக் கீழ கம்பியில நிக்கிற சிரட்டை. மழைக்காலக் காட்சி வச்சா வெட்டுக்கு மேல பிளாஸ்டிக் பாவாடை (மழைத் தண்ணி தடுக்கிற ஷீட்) கட்டாம விட்டுடாதீங்க.

---

புள்ளிக்கோலம் (பாறசாலை)

அப்போ வாளியைத் தள்ளி வரைய வேண்டிய வேலையே இல்லை. இருட்டு ஸ்பிரைட்டோட இடது கை காலியாயிடுது. அந்தக் கையை மரத்தைத் தொட்டு நிக்கிற மாதிரி நீட்டுங்க, முன்பக்கத்தில இன்னொரு வெற்றிடம் கிடைக்கும். பை இடுப்புக்குப் பின்னால 3 பிக்சல் புடைப்பா வரட்டும், முன்னால கத்தி நீட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு அது எடை சமன் பண்ணும்.

வெட்டுக்கோட்டுக்கு ஒரு கணக்கு. 2 பிக்சல் குறுக்கே, 1 பிக்சல் கீழேன்னு போற கோடு 26.6 டிகிரி சரிவு. மேல சொன்ன 25க்கும் 30க்கும் நடுவில விழுது, படியும் ஒரே சீரா வரும். 30க்கு நெருக்கமா வரணும்னு 2, 2, 2, 1ன்னு கலந்து போட்டா கோடு நொண்டும். ஆனா மரம் உருளை. மரத்தண்டு 14 பிக்சல் அகலம்னா, நடு 10 பிக்சலுக்கு 2க்கு 1 படி, ரெண்டு ஓரத்திலும் அடுத்த பிக்சலுக்கு 1 இறக்கம், கடைசிப் பிக்சலுக்கு 2 இறக்கம். மொத்த இறக்கம் 11 பிக்சல் வரும். ஓரத்தில செங்குத்தாகுறதாலதான் வெட்டு மரத்தைச் சுத்திப் போகுதுன்னு கண் நம்பும். பாதிச் சுற்று வெட்டுங்கிறதால ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் வரைஞ்சா அளவும் சரியா இருக்கும்.

---

களியல்_புள்ளி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். உருவக்கோட்டை மாத்தி, 13 நிறத்துக்கு இறக்கி, முகத்தைச் சுத்தம் பண்ணிப் புதுப் படம் போட்டிருக்கேன். வெட்டையும் திருப்பிட்டேன். கட்டியா தெரியிறதும் அழுக்கும் போயிடுச்சு. ஆனா இருட்டான மரத்துக்கு முன்னால இன்னும் மறையிறார். அவுட்லைனை வெளுப்பாக்கலாமா, எடுத்துடலாமா? இன்னொண்ணு, நடக்கிறதுக்கும் வெட்டுறதுக்கும் எத்தனை ஃபிரேம் போடணும்?

---

எட்டுபிட்_வேலை (மார்த்தாண்டம்)

அவுட்லைனை எடுத்துடுங்கன்னுதான் நான் சொல்வேன். கறுத்த காட்டுக்கு முன்னால கறுத்த கோடு எதையும் பிரிக்காது, ஏற்கெனவே சின்னதா இருக்கிற உருவத்தில ரெண்டு பக்கமும் 1 பிக்சலைச் சாப்பிடத்தான் செய்யும். வெளிச்சம் படுற பக்கத்தில கோட்டை முழுக்க அழிச்சு அந்த உறுப்போட வெளிச்ச நிறமே ஓரமாகட்டும். முதுகுப் பக்கம் சாரத்தோட ரெண்டாவது நீலத்தை 1 பிக்சல் அகலத்துக்கு விட்டுவிட்டுப் போடுங்க. கால் தரையைத் தொடுற இடத்திலும் கைக்கு அடியிலும் மட்டும் கறுப்பு இருக்கட்டும்.

---

புள்ளிக்கோலம் (பாறசாலை)

இதில எனக்கு வேற கருத்து. காலை ஸ்பிரைட் வெயில்ல, வெளுத்த தரை மேல நடக்கப் போகுது. ஒண்ணுக்கு அவுட்லைன் இருந்து இன்னொண்ணுக்கு இல்லைன்னா ஒரே ஆளா தெரியாது. கோட்டை வச்சுக்கோங்க, அதோட நிறத்தை மட்டும் இடத்துக்கு இடம் மாத்துங்க. தோலைச் சுத்தி தோலின் கறுத்த படி, சாரத்தைச் சுத்தி பொது நிழல். மறையிற குறையை ஆளில தீர்க்காம பின்னணியில தீர்க்கணும். உங்க பின்வரிசை மரங்களும் முன்வரிசை மரங்களும் ஒரே வேல்யூ. பின்வரிசையை 30க்கு ஏத்தி சாச்சுரேஷனை 20க்கு இறக்குங்க, விடியற்காலப் பனி மாதிரியே ஆகிடும். ஆள் அதுக்கு முன்னால கறுப்பா நிப்பார், கையும் கத்தியும் மட்டும் ஒளிரும்.

ரெண்டையும் செய்து பார்த்து நகலை கிரேஸ்கேலுக்கு (கறுப்பு வெள்ளைக்கு) மாத்திப் பாருங்க. அதில எது பிரிஞ்சு தெரியுதோ அதை எடுத்துக்கோங்க.

---

எட்டுபிட்_வேலை (மார்த்தாண்டம்)

பின்வரிசையை வெளுக்கிறது நல்ல யோசனை அக்கா. அது நடந்தா கோடு இருக்கிறதில எனக்கு மறுப்பு இல்லை. ஆள் நேரா முன்வரிசை மரத்துக்கு எதிரே நிக்கிறப்போ மட்டும் முதுகு நீலம் தேவைப்படும்.

வெளிச்சக் கூம்புக்கு மழுங்கலான கிரேடியன்ட் போடாதீங்க தம்பி. மத்த எல்லாம் கட்டம் கட்டமா இருக்கிறப்போ அது மட்டும் ஒட்டாது. விளிம்பு கூர்மையான ரெண்டு படி போதும், உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. கோடோ இன்ஜின்ல (கேம் செய்ற மென்பொருள்) லைட் டெக்ஸ்ச்சர் (வெளிச்சத்தோட வடிவப் படம்) வச்சு செய்றதா இருந்தா அந்த டெக்ஸ்ச்சரையே ரெண்டு படியா வரைங்க.

நடைக்கு 6 ஃபிரேம், ஒவ்வொண்ணும் 100 மில்லிசெகண்ட். கால் ஊன்றுறது, எடை இறங்குறது, கால் கடக்குறது, பிறகு மறுகாலுக்கு அதே மூணு. எடை இறங்குற ஃபிரேம்ல தலையும் நெஞ்சும் சேர்ந்து 1 பிக்சல் கீழ வரணும், 2 வந்தா குதிக்கிற மாதிரி ஆகிடும். சாரத்தின் கீழோரம் காலோட ஒரே நேரத்தில அசையக் கூடாது, ஒரு ஃபிரேம் தாமதமா வரட்டும். துணி கனமா தெரியும். தலை இறங்குறப்போ விளக்குக் கூம்பும் அதே 1 பிக்சல் இறங்கணும். இதை விட்டுட்டா விளக்கு தலையிலிருந்து கழண்டு மிதக்கும்.

வெட்டுக்கு 5 ஃபிரேம். கத்தி பட்டையில பதியுறது 200 மில்லிசெகண்ட், இழுப்பு மூணு ஃபிரேம் தலா 80, முடிவில நிறுத்தம் 250. எல்லா ஃபிரேமுக்கும் 100 கொடுத்தா எந்திரம் வெட்டுற மாதிரி இருக்கும். கை எங்க போகுதோ தலையும் அங்க திரும்பணும், வெளிச்சம் கத்தி முனையை விட்டு விலகக் கூடாது.

---

பேச்சிப்பாறை_ரப்பர்

வெட்டு ஆழமா போற மாதிரி காட்டாதீங்க. ஒரு வெட்டுக்குப் போற பட்டை ரெண்டு மில்லிமீட்டருக்கும் கீழதான். கத்தி மரத்துக்குள்ள ஏறுற மாதிரி வரைஞ்சா பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியிலேயே காயம், அந்த இடத்தில பட்டை சரியா வளராது, முண்டு விழும். கத்தி மேலோட்டமா வழுக்கிப் போகட்டும். மெல்லிய சீவல் ஒண்ணு கீழ விழுந்தா போதும்.

---

புள்ளிக்கோலம் (பாறசாலை)

இன்ஜினுக்குள்ள கொண்டு போறப்போ மூணு விஷயம். பிஎன்ஜியா எடுங்க, ஜேபெக் 13 நிறத்தை நூத்துக்கணக்கில ஆக்கிடும். கோடோ 4ல டீஃபால்ட் டெக்ஸ்ச்சர் ஃபில்டரை நியரெஸ்ட்டுக்கு மாத்துங்க. யூனிட்டின்னா ஃபில்டர் மோட் பாயிண்ட், கம்ப்ரஷன் நன். பெருக்குறது எப்பவும் முழு எண்ணில. 1366×768 திரைக்கு 4 மடங்கு வச்சு மிச்சத்தைக் கறுப்பு ஓரமா விடுங்க, 4.27 மடங்குக்கு இழுத்தா சில பிக்சல் 4ஆவும் சிலது 5ஆவும் வந்து முகம் கோணும்.

ஆள் இடப்பக்கம் திரும்புறப்போ ஸ்பிரைட்டை அப்படியே கண்ணாடித் திருப்பு செய்யலாம். விளக்கு அவரோடவே வர்றதால வெளிச்சம் தப்பாது. ஆனா கத்தி இடது கைக்குப் போயிடும். நடையில அதை யாரும் கவனிக்க மாட்டாங்க, வெட்டு அனிமேஷன்ல கவனிப்பாங்க. மரத்து டைலை மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பாதீங்க, வெட்டு திரும்ப வலது மேலிருந்து இறங்கத் தொடங்கிடும். மரங்கள் ஒரே மாதிரி தெரியாம இருக்கணும்னா வெட்டோட உயரத்தை மாத்துங்க, பட்டை வடுவை மாத்துங்க. வெட்டு அனிமேஷனுக்கு ஆள் எப்பவும் மரத்தோட ஒரே பக்கத்தில நிக்கிற மாதிரி புரோகிராம்ல வச்சுட்டா இடப்பக்க ஃபிரேம் 5ம் வரையவே வேண்டாம்.

---

களியல்_புள்ளி

சரி அக்கா, மரத்துக்கு இடப்பக்கத்தில நிறுத்திடறேன். முதல்ல பின்வரிசை மரம், பிறகு முதுகு நீலம், அதுக்கப்புறம் நடை. காலை ஸ்பிரைட்டை இருட்டு ஸ்பிரைட்டோட அதே எலும்பமைப்பில போட்டு இங்கேயே படம் வைக்கிறேன். வாளியோட எடை தோளில தெரியுதான்னு அப்போ பார்த்துச் சொல்லுங்க.